நாட்டின் நிதிநிலை முடிவுகளில் இளைஞர்களின் குரல் எந்தக் கட்டத்தில் கேட்கப்பட வேண்டும்? கென்யாவை முன்வைத்து ஒரு விவாதம்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

கென்யாவில் 2024 ஜூன் மாதம் நடந்ததை நம்மில் பெரும்பாலோர் ஒரு கலவரச் செய்தியாகவே படித்துக் கடந்திருப்போம். நாடாளுமன்ற வளாகத்தில் தீ எழுந்த படங்களும் இறந்தவர்களின் எண்ணிக்கையும் நினைவில் நிற்கின்றன. ஆனால் அந்தப் போராட்டத்தின் மையத்தில் இருந்தது ஒரு நிதி மசோதா. அதைப் பிரிவு பிரிவாகப் படித்து, பொருள் விளங்கிக்கொண்டு, பிறருக்கும் விளக்கிச் சொன்னவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். ஒரு நாட்டின் வரவு செலவு முடிவுகளில் இளைஞர்களுக்கு என்ன இடம் இருக்க வேண்டும் என்று பேசுவதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு அண்மைக் காலத்தில் இல்லை என்று கருதுவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2024-25 நிதியாண்டில் கூடுதலாக ஏறத்தாழ 34,600 கோடி ஷில்லிங் வரி திரட்டுவதற்காக அந்த மசோதா கொண்டுவரப்பட்டது. ரொட்டிக்கு 16 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி, வாகனத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வரி, சமையல் எண்ணெய் மீது 25 விழுக்காடு உற்பத்தி வரி, சானிட்டரி நாப்கின் முதல் கைப்பேசி வரை பல பொருள்களைத் தொடக்கூடிய சுற்றுச்சூழல் தீர்வை ஆகியவை அதில் இருந்தன. ஜூன் 18 அன்று நைரோபியில் போராட்டம் தொடங்கியபோது, அன்றே நாடாளுமன்றத்தின் நிதிக்குழு ரொட்டி வரி, வாகன வரி உள்ளிட்ட சிலவற்றைக் கைவிடுவதாக அறிவித்தது. எஞ்சியவற்றோடு மசோதா ஜூன் 25 அன்று 195-க்கு 106 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அதே நாளில் போராட்டக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள், காவல்துறை சுட்டது, மறுநாள் அதிபர் வில்லியம் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திடப் போவதில்லை என்று அறிவித்தார். ஜூலை முதல் நாள் நிலவரப்படி 39 பேர் உயிரிழந்ததாகக் கென்யாவின் தேசிய மனித உரிமை ஆணையம் கூறியது.

இத்தனைக்கும் கென்யா மக்களின் கருத்தைக் கேட்கச் சட்டம் இல்லாத நாடு அன்று. 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 201-ஆவது பிரிவு, நிதி விவகாரங்களில் மக்கள் பங்கேற்பை ஒரு கொள்கையாகவே வகுத்திருக்கிறது. 221-ஆவது பிரிவு, அரசின் ஆண்டுச் செலவு மதிப்பீடுகளை ஆராயும் நாடாளுமன்றக் குழு மக்களின் கருத்தைக் கேட்டு, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே பரிந்துரை செய்ய வேண்டும் என்கிறது. 55-ஆவது பிரிவு இளைஞர்களின் பங்கேற்புக்கு வழி செய்யும் பொறுப்பைத் தனியாகவே அரசின் மேல் வைக்கிறது. சட்டத்தில் இவ்வளவு எழுதியிருந்தும் தெருவுக்கு வர நேர்ந்தது ஏன் என்பதே என் கேள்வி.

என் விடை இது. அங்கே கருத்துக் கேட்கப்பட்டது உண்மை, ஆனால் முடிவுகள் ஏறக்குறைய இறுகிவிட்ட கட்டத்தில் அது கேட்கப்பட்டது. மே மாதத்தில் முன்வைக்கப்பட்டு ஜூன் 30-க்குள் நிறைவேற வேண்டிய மசோதாவில் ஒரு குடிமகனால் ஆம் என்றோ இல்லை என்றோதான் சொல்ல முடியும், எந்தச் செலவைக் குறைத்து எதற்குக் கொடுக்கலாம் என்று சொல்ல முடியாது. அதற்குரிய வாசல் பல மாதங்களுக்கு முன்பே மூடிவிடுகிறது. இளைஞர்களை அந்த முந்தைய கட்டத்தில் அமர்த்தாத எந்த ஏற்பாட்டையும் பங்கேற்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய கணக்கர்

வைகைக்கரை நண்பரின் பதிவை மதிப்புடன் படித்தேன். மாநில அரசின் நிதித் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில ஐயங்களை வைக்கிறேன்.

முதலாவதாக, பதினெட்டு வயது நிறைந்த எவருக்கும் வாக்கு இருக்கிறது. இந்தியாவிலும் 61-ஆவது திருத்தத்தின் மூலம் வாக்குரிமை வயது 21-இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டு 1989 முதல் நடைமுறையில் உள்ளது. வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இருக்கும்போது, ஒரு வயதுப் பிரிவினருக்கு மட்டும் நிதிநிலை முடிவில் தனி வாசல் திறப்பது சரியா? நாளை முதியவர்கள் கேட்பார்கள், உழவர்கள் கேட்பார்கள், எல்லோருக்கும் நியாயம் இருக்கும்.

இரண்டாவதாக, நிதிநிலை என்பது விருப்பங்களின் பட்டியல் அன்று. கென்யச் சட்டத்திலேயே நாடாளுமன்றம் ஓர் ஒதுக்கீட்டை உயர்த்த விரும்பினால் மற்றொன்றை அதற்கு ஈடாகக் குறைத்தாக வேண்டும். குறைப்பதற்கான இடத்தைச் சொல்ல, எந்தச் செலவு சம்பளம், எது ஓய்வூதியம், எது ஒப்பந்தத்தால் கட்டுண்டது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் பணியில் இருந்தபோது ஒரு துறையின் மதிப்பீட்டில் உண்மையில் அசைக்கக்கூடிய பகுதி எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்து, புதிதாக வந்த அலுவலர்களே திகைத்துப் போவார்கள். அந்தச் சிறு பகுதிக்காக ஒரு பெரிய அமைப்பை உருவாக்கி இளைஞர்களிடம் நம்பிக்கையை வளர்த்துவிட்டு, பிறகு ஏமாற்றமளிப்பது நல்லதாகத் தோன்றவில்லை.

பொருளியல் மாணவி

பழைய கணக்கர் ஐயாவின் இரண்டாவது ஐயம் சரியானது என்பதாலேயே அதிலிருந்து வேறொரு முடிவுக்கு வருகிறேன். அசைக்கக்கூடிய பகுதி சிறியதாக இருப்பதற்குக் காரணம், முந்தைய ஆண்டுகளில் எடுத்த முடிவுகள் இன்றைய பணத்தை ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பதுதான். கென்யாவின் பொதுக் கடன் 2024-இல் 10 லட்சம் கோடி ஷில்லிங்கைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டின் நிதிநிலைத் திட்டம் ஏறத்தாழ 4 லட்சம் கோடி. 2014-இல் வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் டாலர் கடன் பத்திரங்களை விற்று வாங்கிய 200 கோடி டாலர் யூரோபாண்டு கடன் 2024 ஜூனில் முதிர்வடைந்தது. அந்தக் கடன் வாங்கப்பட்டபோது ஜூன் மாதப் போராட்டத்தில் நின்றவர்களில் பலர் தொடக்கப் பள்ளியில் இருந்தார்கள்.

உழவர்களுக்கும் முதியவர்களுக்கும் இதே கோரிக்கை எழும் என்கிறீர்கள். எழட்டும், அவர்களுக்கும் நியாயம் உண்டு. ஆனால் கடன் விஷயத்தில் இளைஞர்களின் நிலை தனியானது. வாங்கும்போது வாக்கில்லாதவர்கள், அடைக்கும்போது வரி செலுத்துபவர்கள் ஆகிறார்கள். கடன் எவ்வளவு, எந்தக் காலத்துக்கு, எதற்காக என்ற முடிவில் அவர்களுக்குப் பேச்சுரிமை வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கை அன்று.

அதே நேரத்தில், உலகில் பெருமையாகச் சொல்லப்படும் சில ஏற்பாடுகள் இந்த இடத்தைத் தொடவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்ச்சுகல் 2017-இல் 14 முதல் 30 வயது வரையிலானவர்களுக்காக நாடு தழுவிய இளைஞர் பங்கேற்பு நிதிநிலையைத் தொடங்கியது. இளைஞர்களே திட்டங்களை முன்மொழிந்து இளைஞர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். வாக்குரிமை வயது வராதவர்களையும் சேர்த்தது அதன் சிறப்பு. ஆனால் முதல் ஆண்டில் அதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 3 லட்சம் யூரோ. அரசின் ஆண்டுச் செலவோ பல ஆயிரம் கோடி யூரோ. அதே ஆண்டு அந்நாட்டின் அரசுப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள மாணவர்களுக்கு, ஒரு மாணவருக்கு 1 யூரோ என்ற கணக்கில், பள்ளிக்குக் குறைந்தது 500 யூரோவைத் தாங்களே முடிவு செய்து செலவிடும் திட்டமும் வந்தது. ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை பொதுப்பணம் பற்றி வாதாடி, வாக்களித்து, தோற்கவும் கற்றுக்கொள்வது மிக நல்ல பயிற்சி, அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் நாட்டின் நிதிநிலை முடிவில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒதுக்கி வைத்த ஒரு சிறு தொகையை எப்படிச் செலவிடலாம் என்று கேட்பதும், மொத்தத் தொகையை எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்பதும் வெவ்வேறு கேள்விகள்.

நீலாவணை

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். கென்ய இளைஞர்களைப் பற்றிப் படிக்கும்போது 2022-ஆம் ஆண்டு எமது நாட்டில் நடந்தவை கண்முன் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. எரிபொருள் வரிசையிலும் மின்வெட்டிலும் படிப்பைத் தொலைத்த பிள்ளைகளே கொழும்பின் காலிமுகத்திடலில் பெரும் எண்ணிக்கையில் திரண்டார்கள். அவர்களும் கடைசியாகத்தான் வந்தார்கள், ஏனென்றால் 2019 இறுதியில் பெரும் வரிக்குறைப்பு முடிவெடுக்கப்பட்டபோது அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

இரு நாடுகளுக்கும் பொதுவான இன்னொன்று, நிபந்தனைகளோடு கடன் தரும் சர்வதேச நாணய நிதியத்தின் வேலைத்திட்டம். கென்யா 2021 ஏப்ரலில் அப்படியொரு திட்டத்துக்குள் சென்றது, இலங்கை 2023 மார்ச்சில் சென்றது. வருமானம் எவ்வளவு உயர வேண்டும், பற்றாக்குறை எவ்வளவு குறைய வேண்டும் என்ற இலக்குகள் அந்தப் பேச்சுவார்த்தையிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன. வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்கு வரும்போது, அந்த இலக்கை எந்த வரியால் எட்டுவது என்பது மட்டுமே எஞ்சுகிறது. ஆகவே வைகைக்கரை அவர்கள் சொல்லும் முந்தைய கட்டம் நிதியமைச்சின் நாட்காட்டியில் மட்டும் இல்லை. அதற்கும் முன்னால் இருக்கும் அந்த அறையில் இளைஞர்களின் பக்கத்தை எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

வைகைக்கரை

நீலாவணை அவர்கள் சுட்டியது என் வாதத்தில் இருந்த இடைவெளியை நிரப்புகிறது, நன்றி. நாணய நிதியத்தோடு பேசி முடிக்கும் இலக்கு வெளியே தெரியும்போது, அதை எட்ட உள்ள வழிகளையும் மக்கள் முன் வைத்து விவாதிக்கலாம். வரியை உயர்த்துவது ஒரு வழி, செலவைக் குறைப்பது ஒரு வழி, வரி விலக்குகளை நீக்குவது ஒரு வழி. இலக்கு ஒன்றாக இருந்தாலும் சுமை யார் மேல் விழுகிறது என்பது ஒவ்வொரு வழியிலும் மாறுகிறது. கென்ய இளைஞர்கள் ரொட்டிக்கு வரி போடுவதற்கு முன்னால் அரசு அலுவலகங்களின் ஆடம்பரச் செலவைக் குறையுங்கள் என்று சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். அதிபரின் மனைவி, துணை அதிபரின் மனைவி ஆகியோரின் அலுவலகங்களுக்கான ஒதுக்கீட்டை அவர்கள் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். மசோதா கைவிடப்பட்ட பின், ஜூலையில், அந்த ஒதுக்கீடுகளை நீக்குவதாக அதிபரே அறிவித்தார். அப்படியானால் குறைக்கக்கூடிய செலவு இருந்தது, அதை இளைஞர்கள் சரியாகவே அடையாளம் கண்டார்கள், ஆனால் அதைச் சொல்வதற்கு அவர்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

நாட்காட்டியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் என் வாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. கென்யாவின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அடுத்த ஆண்டுக்கான வேலை ஆகஸ்ட் இறுதியில் கருவூலம், அதாவது அந்நாட்டின் நிதி அமைச்சகம், வெளியிடும் சுற்றறிக்கையோடு ஆரம்பமாகிறது. செப்டம்பர் இறுதியில் பொருளாதார நிலையைக் கணிக்கும் ஆய்வறிக்கை வருகிறது. அதன்பின் கல்வி, நலவாழ்வு, வேளாண்மை எனத் துறைவாரிக் குழுக்கள் கூடித் தங்களுக்குள் பணத்துக்குப் போட்டியிடுகின்றன. பிப்ரவரி 15-க்குள் நிதிக்கொள்கை அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வருகிறது, ஒவ்வொரு துறையும் செலவிடக்கூடிய உச்சவரம்பு அதில் குறிக்கப்படுகிறது. கடன் உத்தியும் அதே நாளில் வர வேண்டும். விரிவான மதிப்பீடுகள் ஏப்ரல் 30-க்குள் வருகின்றன. நிதி மசோதா கடைசிப் படி.

துறைவாரிக் குழுக்களின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் திறந்தவைதான். ஆனால் ஜூன் மாதத்தில் ஆயிரக்கணக்கானோரைத் தெருவுக்கு ஈர்த்த அதே மசோதாவின் வேர் இருந்த அந்தக் கூட்டங்களுக்கு யாரும் பெரிய அளவில் செல்லவில்லை. அங்கே பேசப்படும் மொழி வல்லுநர்களுக்கானது, அறிவிப்பு வருவது தாமதம், அங்கே சொன்ன கருத்துக்கு என்ன ஆனது என்று பதில் வருவதில்லை. இளைஞர்கள் அக்கறையற்றவர்கள் என்ற குற்றச்சாட்டை ஜூன் மாதம் பொய்யாக்கிவிட்டது.

தென்காசி வாசகர்

ஒன்று கேட்கிறேன். இளைஞர்கள் என்று நாம் பேசும்போது நைரோபியில் கைப்பேசியும் ஆங்கிலமும் உள்ளவர்களைத்தானே மனத்தில் வைக்கிறோம்? வடக்கே துர்க்கானாவில் ஆடு மேய்க்கும் பதினேழு வயதுப் பையனுக்கும், வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்பிள்ளைக்கும் இந்தக் குழுக்களில் யார் இடம் தருவார்கள்? படித்த இளைஞர் சிலரை மேசையில் உட்கார வைத்துவிட்டு, இளைஞர்களிடம் கேட்டாயிற்று என்று கணக்குக் காட்டும் ஆபத்து இருக்கிறது.

பொருளியல் மாணவி

அந்த ஆபத்து உண்மையானது. அதற்குக் கென்ய இளைஞர்களே ஒரு பாதி விடை தந்தார்கள் என்று நினைக்கிறேன். மசோதாவை நாட்டின் பல உள்ளூர் மொழிகளில் மொழிபெயர்த்து ஒலிப்பதிவாகவும் காணொளியாகவும் டிக்டாக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பரப்பினார்கள். கேள்வி கேட்டால் உரிய பிரிவை எடுத்து விளக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைத் தாங்களாகவே உருவாக்கினார்கள். அரசு செய்திருக்க வேண்டிய வேலை இது. ஆகஸ்ட் மாதச் சுற்றறிக்கையும் பிப்ரவரி மாத நிதிக்கொள்கை அறிக்கையும் சுவாகிலியிலும் பிற மொழிகளிலும், பத்து நிமிடம் கேட்டால் புரியும் வடிவில் உள்ளூர் வானொலிக்குச் சென்றால், துர்க்கானாவில் இருப்பவரின் நிலை நைரோபியில் இருப்பவரின் நிலைக்குச் சற்றே அருகில் வரும். முழுமையாக அருகில் வராது. அதற்கு 47 மாவட்ட அரசுகளிலும் நேரில் கூட்டங்கள் நடத்த வேண்டும், பயணச் செலவை அரசே ஏற்க வேண்டும்.

மற்றொரு பாதிக்கு என்னிடம் எளிய விடை இல்லை. அந்தப் போராட்டம் தனக்குத் தலைவர் இல்லை, கட்சி இல்லை, இனக்குழு இல்லை என்று அறிவித்துக்கொண்டது. அரசியல் இனக்குழுக்களின் வழியே நடந்துவந்த நாட்டில் அது பெரும் மாற்றம், அதுவே அதன் வலிமை. ஆனால் ஜூலையில் அதிபர், பாதி இடங்கள் இளைஞர்களுக்கு என்று சொல்லி ஒரு பேச்சுவார்த்தை மன்றத்தை அறிவித்தபோது, அவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். தோழர்கள் கடத்தப்பட்டுக்கொண்டிருந்த நாள்களில் மேசைக்கு வரச் சொல்வதை அவர்கள் நம்பவில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இருப்பினும், நம்பிக்கை திரும்பும் ஒரு நாளில் யார் அமர்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது. குலுக்கல் முறையில், மாவட்டம், பாலினம், படிப்பு, தொழில் ஆகியவற்றைச் சமன்செய்து, ஆண்டுதோறும் மாறும் ஒரு குழுவைத் தேர்ந்தெடுப்பதே தலைவரற்ற இயக்கத்தின் இயல்புக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. அரசு நியமிக்கும் குழுவை விட அதை விலைக்கு வாங்குவதும் கடினம்.

பழைய கணக்கர்

என் நிலையில் சற்று நகர்கிறேன். மாணவி நண்பர் சொன்ன கடன் பற்றிய வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. குலுக்கல் முறையையும் நான் எதிர்க்கவில்லை. ஆனால் அப்படி அமரும் குழுவுக்கு உறுதியான ஓர் உரிமை மட்டுமாவது சட்டத்தால் தரப்பட வேண்டும். அவர்கள் கொடுத்த ஒவ்வொரு பரிந்துரையும் ஏற்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று எழுத்தில் பதில் பெறும் உரிமை அது.

இது கென்ய நீதிமன்றங்களிலேயே வந்த கேள்வி. முந்தைய ஆண்டின் நிதிச் சட்டம், அதாவது 2023-ஆம் ஆண்டுச் சட்டம், செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலை 31 அன்று தீர்ப்பளித்தது. மக்களின் கருத்துகளை ஏற்றதற்கும் மறுத்ததற்கும் நாடாளுமன்றம் காரணம் சொல்லவில்லை என்பதும், கருத்துக் கேட்பு முடிந்த பிறகு புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன என்பதும் அதன் அடிப்படைகளில் இருந்தன. உச்ச நீதிமன்றம் அக்டோபரில் அத்தீர்ப்பை மாற்றி, சட்டம் செல்லும் என்றது. சட்டப்படி எது சரி என்று சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். நிர்வாகத்தில் இருந்தவனாக ஒன்று சொல்வேன்: காரணம் எழுத வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், ஒரு கோரிக்கையைப் படிக்காமலே ஓரமாக வைப்பது எந்த அலுவலருக்கும் கடினமாகிவிடும்.

இந்தியாவில் இருக்கும் நமக்கும் இதில் பெருமைப்பட அதிகம் இல்லை. ஒன்றிய நிதியமைச்சர் நிதிநிலைக்கு முன் தொழில்துறையினர், தொழிற்சங்கத்தினர், உழவர் அமைப்பினர், பொருளியலாளர் எனக் குழுக்குழுவாகச் சந்திக்கிறார், பொதுமக்களிடமும் இணையத்தில் ஆலோசனை கேட்கப்படுகிறது. எந்த ஆலோசனைக்கு என்ன ஆனது என்று ஆலோசனை சொன்னவருக்குத் தெரிவதில்லை. குழந்தைகளுக்கான ஒதுக்கீடுகளைத் தொகுத்துக் காட்டும் தனி அறிக்கை 2008-09 முதல் வெளியாகிறது, அது பயனுள்ளது, ஆனால் முடிவான தொகைகளைத்தான் காட்டுகிறது. 2023 மார்ச்சில் ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய் நிதிநிலை, அமளிக்கு நடுவே மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது. உறுப்பினர்களே பேசாத அவையில் இளைஞர்களின் குரலைத் தேடுவது எப்படி என்ற வருத்தம் எனக்கு உண்டு.

நீலாவணை

கணக்கர் ஐயா சொன்ன எழுத்துமூலப் பதிலை வரவேற்கிறேன். அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வருட நடுவில் கூடுதல் செலவுக்கு அனுமதி கேட்டு வரும் குறைநிரப்புப் பிரேரணைகளுக்கும் அது பொருந்த வேண்டும். முதலில் வாக்களித்ததை ஆறு மாதத்தில் சத்தமில்லாமல் மாற்றும் வழி அதுதான்.

வைகைக்கரை

மிகவும் முக்கியமான சேர்க்கை, ஏனெனில் கென்யாவில் வரிகளின் பக்கத்தில் அதைப் போன்றதே நடந்தது. ஜூன் மாதம் கைவிடப்பட்ட வரி முன்மொழிவுகளில் சில, திருத்தப்பட்ட வடிவில், அதே ஆண்டு டிசம்பரில் வரிச் சட்டங்கள் திருத்தச் சட்டமாகத் திரும்பி வந்து அதிபரின் கையெழுத்தையும் பெற்றன. அரசின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது: 34,600 கோடி வரவில்லை என்றால் அந்த அளவுக்குச் செலவு குறைய வேண்டும் அல்லது கடன் கூட வேண்டும், தற்காலிகமாகப் பணியில் இருந்த பள்ளி ஆசிரியர்களை நிரந்தரமாக்கும் திட்டமும் அந்தப் பணத்தை எதிர்பார்த்தே இருந்தது. அந்த ஆசிரியர்களும் இளைஞர்கள்தான். எந்த வரியை ஏற்று அவர்களுடைய பணியைக் காப்பது, எந்தச் செலவை வெட்டி அதே பணியைக் காப்பது என்ற தேர்வை இளைஞர்களிடமே முன்கூட்டி வைத்திருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை அறியும் வாய்ப்பை அந்த நாடு இழந்தது.

ஆகவே இதுவரை நாம் பேசியவற்றை வைத்து என் கோரிக்கையைத் திருத்தி எழுதுகிறேன். குலுக்கலில் தேர்வாகும் இளைஞர் குழு ஆகஸ்ட் சுற்றறிக்கை வந்தவுடன் கூட வேண்டும், துறைவாரிக் கூட்டங்களில் அதற்கு இருக்கை வேண்டும், உச்சவரம்புகளும் கடன் உத்தியும் பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்குச் செல்லும்போது அதன் கருத்தும், கருவூலம் அதற்கு எழுதிய பதிலும் இணைப்பாகச் செல்ல வேண்டும், ஆண்டின் நடுவே வரும் திருத்தங்களுக்கும் இதே விதி. பதினெட்டு வயது நிரம்பாதவர்களை இதில் எப்படிச் சேர்ப்பது என்பதை நாம் இன்னும் பேசவில்லை. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2016-இல் வெளியிட்ட 19-ஆவது பொதுக் கருத்துரை, அரசுகளின் நிதிநிலைத் தயாரிப்பில் குழந்தைகளின் கருத்தையும் கேட்க வேண்டும் என்கிறது. போர்ச்சுகலின் பள்ளிகளைப் பற்றி எழுதிய மாணவி நண்பர் அதை எடுத்து எழுதினால் விவாதம் அங்கிருந்து தொடரலாம்.